ஒரே இலையில் இரண்டு மாமன்

நெற்றிப்பட்டம் கட்ட வேண்டிய தாய்மாமன் சமையற்கட்டில் நின்று சொதி கிண்டிக்கொண்டிருக்கிறார் என்று ஆள் வந்து சொன்னபோது செண்பகவடிவுக்குத் தலையில் பாதிப் பூதான் வைத்திருந்தது.

"எந்த மாமா?" என்று கேட்டாள்.

"உனக்கு எத்தன மாமாளா இருக்காங்க?" என்றாள் அம்மா.

ஒரே மாமாதான். பெயர் சுடலைமுத்து. செவ்வாயில் பனிப்பாறை வெட்டும் முகாமில் துளை இயந்திரம் ஓட்டுகிறார். ஜாதகம் பார்த்த ஜோசியர் கட்டத்தை உற்றுப்பார்த்து, செவ்வாய் தோஷம் இருக்குமோ என்று இழுத்தபோது, "அங்கனதான் எந் தம்பி இருக்கான், அவன் பாத்துக்கிடுவான், நீங்க மேல சொல்லுங்க" என்று அம்மா அந்தப் பேச்சை முடித்துவைத்திருந்தாள்.

செவ்வாயிலிருந்து ஊருக்கு வர மாதக்கணக்காகும். பேசலாம் என்றால், இங்கே கேட்ட கேள்விக்கு அங்கிருந்து பதில் வருவதற்குள் காபி ஆறிவிடும். அதனால் அங்கே வேலை பார்ப்பவர்கள் கல்யாணம், காதுகுத்து என்று வந்தால் நிழல் அனுப்புவார்கள். நிழல் என்பது அவர்களுடைய மனத்தின் பிரதி. அது முன்கூட்டியே பூமிக்கு வந்து உறங்கிக்கொண்டிருக்கும். விழா நாளன்று கணினியில் ஒரு தற்காலிகக் கோப்பைத் திறந்து அதற்குள் நிழலை ஊற்றி, மண்டபத்தில் வாடகைக்குக் கிடைக்கும் பொம்மை உடலோடு இணைப்பார்கள். பொம்மை எழுந்து உட்கார்ந்து, "எல்லாரும் சொகமா?" என்று கேட்கும். விழா முடிந்ததும் அன்றைய நினைவுகளைச் செவ்வாய்க்கு அனுப்பிவிட்டுக் கோப்பை மூடுவார்கள். மூடினால் அழிந்துவிடும். ஒரு நிழலை ஒருமுறைதான் திறக்கலாம். ஒரே ஆள் ஊருக்கு நாலு பேராகப் பெருகிவிடக்கூடாது என்பதற்காகச் சட்டம் அப்படி. உடலிலிருந்து கழற்றி வைத்தால் நிழலுக்கு நேரம் ஓடாது. அடுத்த உடலில் இணைக்கும்போது, விட்ட வார்த்தையிலிருந்து தொடரும்.

திருநெல்வேலி நிழல் அலுவலகத்தில் இந்தக் கோப்புகளைத் திறந்து மூடும் நிரலைப் பராமரிப்பவர்கள் இரண்டு பேர். செவ்வாய் முகாமின் பழைய இயந்திரங்களுக்கு சி மொழிதான் புரியும் என்பதால் நிரலும் அந்த மொழியில்தான். ஒருத்தி செண்பகவடிவு. இன்னொருவன் கொம்பையா. இன்றைய மணமகனும் அவன்தான்.

அவள் பட்டுப்புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு சமையற்கட்டுக்குப் போனாள். மறுவீட்டு விருந்துக்கு வைக்கும் தேங்காய்ப்பால் குழம்பான சொதியை, மாப்பிள்ளை வீட்டார் ஆசைப்பட்டுக் கேட்டதால் முகூர்த்தப் பந்திக்கே வைக்கிறார்கள். அண்டாவுக்குப் பக்கத்தில் வேட்டி சட்டை கட்டிய பொம்மை கரண்டியோடு நின்றது. முகத்திரையில் மாமாவின் முகம். அதே கோணல் சிரிப்பு.

"முதல் பால இப்ப ஊத்தாதீரும் ஓய், திரிஞ்சு போயிரும். அண்டாவ இறக்கிட்டு ஊத்தும்" என்று தலைமைச் சமையல்காரரிடம் சொல்லிக்கொண்டிருந்தார். பொம்மைக்கு நாக்கு கிடையாது, மூக்கு உண்டு. அண்டாவின் மேல் குனிந்து முகர்ந்தார். "இஞ்சி பத்தாது."

சமையல்காரர் எரிச்சலில் எதையோ முணுமுணுத்தாலும் இஞ்சியை நறுக்க ஆரம்பித்திருந்தார்.

"மாமா" என்றாள் வடிவு.

"ஏட்டி வடிவு! என்னா எடுப்பா இருக்கு இந்தப் பட்டு! தலையில என்னளா, பாதிதான் பூ இருக்கு?"

"நீங்க எப்ப மாமா சொதி வைக்கப் படிச்சீங்க?"

அவளுடைய மாமா வெந்நீரையே தீயவிடுகிறவர். அம்மா ஊருக்குப் போன நாட்களில் அவர் வைத்த உப்புமாவை நாய்கூட முகர்ந்து பார்த்துவிட்டு நகர்ந்துவிடும்.

"என்ன கேள்வி இது? முகாம்ல அம்புட்டுப் பேருக்கும் நான்தான வடிச்சுக் கொட்டுதேன்" என்றவர் கரண்டியை அந்தரத்தில் நிறுத்தினார். "இல்லியே. நான் துளை மிஷின்லா ஓட்டுதேன்." கொஞ்சம் யோசித்துவிட்டுச் சிரித்தார். "ரெண்டும் நான்தான் செய்யுதேன் போல. அதான் முதுகு இந்த வலி வலிக்கி."

"மாமா, எனக்கு என்ன பழக்கிக் கொடுத்தீங்க சின்னதுல?"

"நீச்சல். ஆத்துல பிடிச்சுத் தள்ளிவிட்டேன், நீ கத்துன கத்துல கரையில துவைச்சவ எல்லாம் என்னை ஏசுனா."

"எனக்கு நீச்சலே தெரியாது மாமா."

"சைக்கிளு?"

"அது பழக்குனீங்க. முருகன்குறிச்சிச் சாக்கடையில கொண்டுபோய் விட்டேன்."

"ரெண்டு பேரும்லா விழுந்தோம்! அக்காகிட்ட சொல்லக்கூடாதுன்னு பைப்படியில நின்னு குளிச்சோம்."

அது வேறு யாருக்கும் தெரியாது. அம்மாவுக்கு இன்றுவரை தெரியாது. ஆக, இவர் அவளுடைய மாமாதான். ஆனால் அவர் மட்டும் இல்லை. பாதிப் பூவோடு மணமகள் அறைக்கு ஓடினாள்.

அலங்காரப் பெட்டிக்கு அடியில் அவளுடைய பழைய மடிக்கணினி இருந்தது. முகூர்த்த நாளில் அலுவலகத்திலிருந்து யாராவது கூப்பிடுவார்கள் என்று கொண்டுவந்திருந்தாள். திறந்து பார்த்ததும் புரிந்துவிட்டது.

"ஏல கொம்பையா!" என்று வாசல் பக்கம் பார்த்துக் கத்தினாள். அம்மா முறைத்தாள். "கொஞ்சம் இங்க வாங்க" என்று மாற்றிக் கத்தினாள்.

கொம்பையா பட்டுவேட்டி சரசரக்க வந்தான். முகூர்த்தத்துக்கு முன் பெண்ணைப் பார்க்கக்கூடாது என்று அம்மா கதவை ஒருக்களித்துப் பிடித்துக்கொண்டாள். எனவே கல்யாணப் பெண்ணும் மாப்பிள்ளையும் கதவின் இரண்டு பக்கமும் நின்று பேசினார்கள்.

"கோப்புக்கு நீ, நீங்க, எப்படிப் பேரு வச்சீங்க?"

"அனுப்புறவரு பேரு, அனுப்புற இடம், முகூர்த்தம். மூணையும் சேர்த்து. ஏன்?"

"செவ்வாயில எத்தன சுடலைமுத்து இருக்காங்க?"

தாத்தா பெயரைப் பேரனுக்கு வைக்கிற ஊர் இது. ஒரு தாத்தாவுக்கு ஆறு பேரன் என்றால் ஆறு பேருக்கும் அதே பெயர். நம் பக்கத்து ஆட்கள் கும்பலாக வேலைக்குப் போன இடத்தில் ஒரு சுடலைமுத்துவோடு எப்படி நிற்கும்?

"இன்னொருத்தர் நிழலும் அதே கோப்புல விழுந்திருக்கு" என்றாள் வடிவு. "அம்பாசமுத்திரத்துல ஒரு மண்டபம். அதே முகூர்த்தம்."

"எப்படி விழும்? அந்தப் பேருல கோப்பு இருக்கான்னு நிரல் முதல்ல பாக்கும். இல்லன்னாத்தான் உண்டாக்கும்."

"பாக்குறதுக்கும் உண்டாக்குறதுக்கும் நடுவுல ஒரு இடைவெளி இருக்கு, அதை மூடுன்னு மாசிமாசமே சொன்னேனா இல்லியா?"

"கண்ணு இமைக்கிற நேரத்துல ஒரு துணுக்குதான் வடிவு, அது! அதுக்குள்ள எவன் வரப்போறான்னு நெனச்சேன்."

"இன்னைக்கு என்ன கிழமை?"

"திங்கள்."

"திங்கக்கிழமை ராகுகாலம் முடிஞ்சு நல்ல நேரம் பிறக்கிற நொடிக்காக எத்தன மண்டபத்துல எத்தன பேரு பொத்தான்மேல விரல வச்சிக்கிட்டுக் காத்துக் கெடந்திருப்பான்?"

கொம்பையா கதவில் நெற்றியை முட்டிக்கொள்ளும் சத்தம் கேட்டது. உலகத்தில் வேறு எந்த ஊரிலும் அந்த இடைவெளிக்குள் இரண்டு பேர் நுழைந்திருக்க மாட்டார்கள். இந்த ஊரில் நல்ல நேரம் பார்த்து நுழைந்துவிட்டார்கள்.

"எனக்கு விளங்கும்படியா யாராவது சொல்லுதீங்களா?" என்றாள் அம்மா.

"பந்தியில ஒரு இலை காலியா இருக்குன்னு நீ எட்டிப் பாக்குதன்னு வச்சுக்கம்மா. கை கழுவிட்டு வாரதுக்குள்ள என்ன ஆகும்?"

"வேற எவனாவது உக்காந்திருப்பான்."

"இங்க ரெண்டு பேரும் ஒரே நேரத்துல எட்டிப் பாத்தாங்க, ரெண்டு பேருக்கும் காலியாத் தெரிஞ்சுது, ரெண்டு பேரும் ஒண்ணா உக்காந்துட்டாங்க. ஒரே இலை. அவருக்குப் போட்ட சோத்துல இவரு குழம்பு. பிசைஞ்சாச்சு."

அம்மா கதவை விட்டுவிட்டுக் கட்டிலில் உட்கார்ந்தாள். "அப்ப அங்கன நிக்கது எந் தம்பி இல்லியா?"

"தம்பிதாம்மா. இன்னொருத்தி தம்பியும்."

கொம்பையா தாழ்ந்த குரலில் சொன்னான். "வடிவு, விதி தெரியும்லா. கலந்த கோப்பை உடனே அழிச்சிரணும்."

தெரியும். அழித்தால் இரண்டு கல்யாணத்துக்கும் மாமன் இல்லை. உறங்குகிற நிழல் என்று மிச்சம் எதுவும் இல்லை. அப்பா இல்லாத வீட்டில் அவளுக்குப் பள்ளிக்கூடச் சீருடை வாங்கியவரும், முதல் சம்பளத்தில் அவள் எடுத்துக்கொடுத்த சட்டையை மடிப்புக் கலையாமல் செவ்வாய்க்கே கொண்டுபோனவரும் அந்த மனுஷன்தான். நெற்றியில் பட்டம் கட்டிக் கையைப் பிடித்து மேடைக்குக் கூட்டிப்போக வேண்டியதும் அவர்தான். எமகண்டம் தொடங்குவதற்குள் தாலி ஏற வேண்டும்.

அவள் அம்பாசமுத்திரத்து மண்டபத்தைக் கூப்பிட்டாள். அங்கே கல்யாணப்பெண்ணே போனை எடுத்தாள். பெயர் பேச்சி. கால்நடை மருத்துவர்.

"நீங்க நிழல் ஆபீஸா? எங்க மாமா எந்திரிக்கவே மாட்டேங்காரு. மூக்குல விரல வச்சுப் பாக்குதேன், மூச்சில்ல. பொம்மைக்கு மூச்சு கிடையாதுன்னு மேனேஜரு இப்பத்தான் சொல்லுதாரு."

"பயப்படாதீங்க. உங்க மாமா இங்கன பாளையங்கோட்டையில சொதி கிண்டுதாரு."

"சொதியா? அப்ப அவரேதான்" என்றாள் பேச்சி.

வடிவு எல்லாவற்றையும் சொன்னாள். விதியையும் மறைக்காமல் சொன்னாள். பேச்சி குறுக்கே பேசாமல் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"அவருகிட்ட கேட்டீங்களா?"

கேட்கவில்லை. இரண்டு பேர் கலந்த கோப்பு என்று நினைத்தவளுக்கு, அந்தக் கோப்புக்கு ஒரு வாய் இருப்பது மறந்துவிட்டது. மாமாவைக் கூட்டிவரச் சொன்னாள். கரண்டியோடேயே வந்தார். விஷயத்தைச் சொன்னதும் கட்டிலில் அம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"பிரிக்க முடியாதோ?"

"முடியாது மாமா. பிசைஞ்ச சோறு."

"பிசைஞ்சா சாப்பிட வேண்டியதுதான?" என்றார். அம்மா அழுகையினூடே சிரித்துவிட்டாள். அவர் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டார். "இங்க பாரு வடிவு. எனக்குள்ள இருக்கிற ரெண்டு பேருக்கும் சண்டை ஒண்ணும் கிடையாது. ஒருத்தன் உன் கல்யாணத்த நெனச்சே நாளக் கழிச்சான். ஒருத்தன் பேச்சி கல்யாணத்த. எனக்கு ரெண்டும் என் நெனப்பாத்தான் இருக்கு. அவ நீச்சல் அடிச்சு அக்கரைக்குப் போனதும், நீ சைக்கிள் பழகுனதும். என்னை அழிச்சா ரெண்டு வீட்டுக்கும் மாமன் வரல. வச்சிருந்தா ரெண்டு வீட்டுக்கும் வந்தாச்சு. சாயந்தரம் எப்படியும் போகப்போறவன்தான. அதுவரைக்கும் இருந்துட்டுப் போறேன்."

கதவின் அந்தப் பக்கம் கொம்பையா மூக்கை உறிஞ்சினான்.

"ஒரு உடம்போட எப்படி ரெண்டு ஊருக்குப் போவீங்க?" என்று கேட்டாள் அம்மா.

"உடம்பு ரெண்டு இருக்குல்லா?" என்றாள் வடிவு. அவள் விரல்கள் அதற்குள் விசைப்பலகையில் ஓட ஆரம்பித்திருந்தன. "அம்பாசமுத்திரத்துப் பொம்மையையும் இதே கோப்போட இணைச்சிருதேன். ஒரு மனசு, ரெண்டு உடம்பு. தலை சுத்துமா மாமா?"

"செவ்வாய்க்கு ராக்கெட்ல போனவனுக்கு இது ஒரு சுத்தாக்கும்?"

"வடிவு, ஒண்ணு விட்டுட்ட" என்று கொம்பையா பதறினான். "ரெண்டாவது உடம்பச் சேர்க்க அந்தப் பரிசோதனைய நிறுத்தணும், பேரும் அப்படியேதான இருக்கு? வள்ளியூர்ல இதே முகூர்த்தத்துக்கு இன்னொரு சுடலைமுத்து நிழலுக்குப் பதிவு பண்ணியிருக்காங்க. எந்த நிமிஷமும் பொத்தான அமுக்குவான். அவரும் இந்த இலையிலயே உக்காந்துட்டா?"

"பேரை அழிச்சிரு."

"அழிக்கவா?" என்று அம்மா எழுந்துவிட்டாள்.

"பேரைத்தாம்மா, மாமாவ இல்ல. நான் இந்த மடிக்கணினியிலயும், நான் வழி கொடுத்ததால அந்தப் பேச்சி அவ கைப்பேசியிலயும் கோப்பத் திறந்து பிடிச்சிருக்கோம். பேரு போனாலும், பிடிச்சிருக்கிற கை எல்லாம் விடுற வரைக்கும் கோப்பு உயிரோட இருக்கும். கடைசிக் கை விட்டாத்தான் போகும். பேரு இல்லாததால புதுசா எவனும் உள்ள வர முடியாது. வள்ளியூர்க்காரருக்குப் புது இலை விழும்."

கொம்பையா தன் கைப்பேசியிலிருந்தே பெயரை அழித்தான். அம்மாவும் வடிவும் மாமாவைப் பார்த்தார்கள். அவர் கண்ணைக் கொட்டினார். பிறகு யாரும் இல்லாத பக்கம் திரும்பி, "ஏ பேச்சி! என்னளா இது, கண்ணு மையெல்லாம் கன்னத்துல வழியிது?" என்றார்.

மேள சத்தம் உச்சத்துக்குப் போனபோது, சுடலைமுத்து மாமா பாளையங்கோட்டையிலும் அம்பாசமுத்திரத்திலும் ஒரே நேரத்தில் நெற்றிப்பட்டம் கட்டினார். இரண்டு பெண்களையும் கைபிடித்து மேடைக்குக் கூட்டிப்போனார். நடுவில் கொஞ்சம் குழப்பம் இருந்தது. "மாட்டுக்கு ஊசி போடுத கை, எப்படி நடுங்குது பாரு" என்று வடிவிடம் சொல்லிவிட்டு, "நீ இல்லட்டி, அங்கன உள்ளவ" என்று திருத்தினார். அம்பாசமுத்திரத்தில் மாப்பிள்ளையைப் பார்த்து, "நிரல் எழுதுனா ஒழுங்கா எழுதணும் மாப்ளே" என்று கண்டித்தாராம். அந்தப் பையன் பஞ்சாயத்து அலுவலகத்தில் வேலை பார்க்கிறவன். தலையாட்டியிருக்கிறான்.

கொம்பையா தாலி கட்டியபோது மாமா அழுதார். பொம்மைக்குக் கண்ணீர் வராது. முகத்திரையில் மட்டும் வழிந்தது. பார்த்துக்கொண்டிருந்த மண்டப மேலாளர் ஆவுடையப்பன் தன் துண்டால் அந்தத் திரையைத் துடைத்துவிட்டார்.

சொதிக்கு மூன்றாவது பந்தியில் அடிதடி நடக்காத குறை.

சாயங்காலம் ஆவுடையப்பன் உடலைத் திருப்பிக் கேட்டு வந்தார். வடிவும் பேச்சியும் போனில் கூடிப் பேசி, அன்றைய நினைவுகளைக் கலந்தபடியே முழுசாக இரண்டு சுடலைமுத்துகளுக்குமே அனுப்புவது என்று முடிவு செய்தார்கள். யாருக்கு எது என்று வெட்டிப் பிரிக்க அவர்களுக்கு மனசு வரவில்லை. வெட்டவும் முடியாது. மாமா இரண்டு ஊரிலும் விடைபெற்றார். ஆவுடையப்பன் பொம்மையைக் கழற்றி உறையில் போட்டார்.

மிச்சம் ஒரே வேலைதான். கோப்பை விட வேண்டும். வடிவு விசையின்மேல் விரலை வைத்தாள். பேச்சி விட்ட பிறகு நாம் விடலாம் என்று தோன்றியது. விரலை எடுத்தாள். அதற்குள் மாப்பிள்ளை வீட்டுக்குக் கிளம்ப வண்டி வந்துவிட்டது. மடிக்கணினியை மூடாமல், பட்டுப்புடவைகளுக்கு நடுவில் வைத்துக் கொண்டுபோனாள். அன்றிரவு அலுவலகத்தின் துப்புரவு நிரல் வழக்கம்போல எல்லாத் தற்காலிகக் கோப்புகளின் பெயரையும் தேடித் தேடி அழித்தது. பெயரில்லாததை அது எங்கே தேடும்?

கல்யாண விடுப்பு முடிந்து வந்ததும் இருவரும் நிரலைத் திருத்தினார்கள். எட்டிப் பார்ப்பதும் உட்காருவதும் இப்போது ஒரே செயல். அந்தப் பெயரில் யாரும் இல்லாவிட்டால் மட்டும் கோப்பு உண்டாகும், இருந்தால் நிரல் மறுத்துவிட்டு வேறு பெயர் தேடும். பெயரும் யாராலும் ஊகிக்க முடியாத எழுத்துக் குவியல். திறந்தவரைத் தவிர வேறு யாரும் தொட முடியாத பூட்டு. தேர்வு எழுதுகிற பையனைப்போல ஒவ்வொரு வரியையும் கொம்பையா அவளிடம் காட்டிக் கையெழுத்து வாங்கினான்.

செவ்வாயிலிருந்து பதில் வந்தது. படத்தில் இரண்டு ஆண்கள் தோளில் கைபோட்டு நின்றார்கள். ஒருவர் சமைத்ததை இன்னொருவர் சாப்பிட்டாலும், ஒரே முகாமில் வேறு வேறு ஷிப்டில் இருந்ததால் அதுவரை சந்தித்துக்கொள்ளாதவர்கள். "எனக்குச் சொதி வைக்க வருது வடிவு. இவனுக்குத் துளை மிஷின் ஓட்ட வருது. ரெண்டு பேருமே உன்னால சாக்கடையில விழுந்திருக்கோம்" என்றார் அவளுடைய மாமா. அம்மா அந்தக் கடைசி வரியை மறுபடி போடச் சொல்லிக் கேட்டுவிட்டு, மகளை ஒரு பார்வை பார்த்தாள்.

தலைதீபாவளிக்கு முந்தின நாள் காலையில் போன் அடித்தது. பேச்சி.

"எக்கா, ஏசமாட்டீங்கல்லா?" என்றாள். "எங்க வீட்டுல பழைய பொம்மை ஒண்ணு வாங்குனோம், மாட்டுத் தொழுவத்துல உதவிக்கு. சும்மா இணைச்சுப் பாத்தேன். நான் அன்னைக்குக் கோப்ப விடல. நீங்க விட்டிருப்பீங்கன்னு நெனச்சேன்."

"நானும் விடலளா. நீ விடுவேன்னு பாத்துக்கிட்டிருந்தேன்."

சொல்லும்போதே வடிவுக்கு இடித்தது: பேச்சியின் பிடி சரி, தன் பிடி இன்னும் எப்படி இருக்கும்? அந்தப் பழைய மடிக்கணினிக்கு மின்கலம் அரைமணி நேரம்கூடத் தாங்காது. இரண்டு மாதத்தில் எத்தனை முறை கரண்டு போயிருக்கும்? புயல் அடித்த அன்று நாள் முழுக்க இல்லையே. அலமாரியைத் திறந்தாள். மடிக்கணினி பச்சை விளக்கோடு ஓடிக்கொண்டிருந்தது. அதிலிருந்து ஒரு கம்பி பின்பக்கத் துளை வழியாக இறங்கி, கட்டிலுக்கடியில் இருந்த புத்தம் புதிய பெரிய மின்கலத்தில் போய் முடிந்தது.

அறை வாசலில் கொம்பையா பலகாரத் தட்டோடு நின்றான்.

"அது பாட்டு கேக்கதுக்கு வாங்குனது" என்றான்.

"நீங்க பாட்டு கேட்டு நான் பாத்ததே இல்லியே."

"தப்பு பண்ணுனது என் நிரல்தான வடிவு. அவரு என்ன பண்ணுனாரு?"

போனுக்குள் பேச்சி யாரிடமோ, "இந்தா பேசுங்க" என்றாள். வடிவு போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"ஏட்டி வடிவு," அதே குரல், கொஞ்சம் எரிச்சலோடு வந்தது. "என்ன கூத்து இது? வெடிச் சத்தமாக் கேக்கு, பேச்சி தீபாவளிங்கா. இப்பத்தான உன் கல்யாண மண்டபத்துல போயிட்டு வாரேன்னு சொன்னேன்? எனக்குச் சொதி மிச்சம் இருக்கா இல்லியா, அத மொதல்ல சொல்லு."